கம்பெனி காசில் சிசிஎன்ஏ: பரீட்சை ஃபீஸ் அவங்க கட்டுறாங்க, சரி... பாண்டில் என்ன எழுதியிருக்குன்னு பார்த்தீங்களா?

"சர்ட்டிஃபிகேஷன் செலவை நிறுவனமே ஏற்கும்." நெட்வொர்க் இன்ஜினீயர் வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது. தி.நகரில் மாடி அலுவலகம் வைத்திருக்கும் சிறிய சிஸ்டம் இன்டக்ரேட்டர் கம்பெனி முதல், அடையாறு தாண்டி தரமணி பக்கம் இருக்கும் பெரிய நிறுவனங்கள் வரை இந்த வாக்குறுதி உண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதே ஆஃபர் லெட்டரின் நாலாவது பக்கத்தில், சின்ன எழுத்தில், "இரண்டு ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும்" என்றும் ஒரு வரி இருக்கலாம்.

அந்த இரண்டு லட்சத்தை உண்மையிலேயே கட்டித்தான் ஆகணுமா? கம்பெனி கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும்? விளக்கமாகப் பார்க்கலாம்.

முதலில் செலவுக் கணக்கு

சிஸ்கோவின் சிசிஎன்ஏ தேர்வுக் கட்டணம் 300 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25,500 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 30,090. இது 120 நிமிஷத் தேர்வு ஒன்றை ஒரே ஒரு முறை எழுதுவதற்கான கட்டணம் மட்டும்தான். ஃபெயில் ஆனால் ஐந்து நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுதலாம், மறுபடி முழுப் பணமும் கட்டி.

அடுத்த படி சிசிஎன்பி. 400 டாலருக்கு ஒரு கோர் தேர்வு, 300 டாலருக்கு ஒரு சிறப்புத் தேர்வு. இரண்டும் சேர்த்து அதே கணக்கில் வரியோடு 70,210 ரூபாய். அதற்கும் மேலே சிசிஐஇ. 1993-ல் தொடங்கிய இதில் எழுத்துத் தேர்வு தாண்டி எட்டு மணி நேர லேப் தேர்வு உண்டு. சென்னைக்காரர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் நிரந்தர லேப் பெங்களூரில்தான். முந்தின நாளே பிருந்தாவனிலோ சதாப்தியிலோ கிளம்பி, ஒரு ராத்திரி ரூம் போட்டுத் தங்கி, காலையில் போய் உட்காரணும். லேப் கட்டணமே லட்சத்தைத் தாண்டும். முதல் முயற்சியிலேயே பாஸ் ஆவது அரிது என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

(ஒரு சின்ன தகவல்: சிசிஐஇ பாஸ் ஆனவர்களுக்குத் தரப்படும் வரிசை எண் 1024-லிருந்து தொடங்கியது. அந்த முதல் எண் எந்த மனிதருக்கும் தரப்படவில்லை, லேப் அறைக்கே தரப்பட்டது. 1024 என்பது இரண்டின் பத்தாம் அடுக்கு. கம்ப்யூட்டர்காரர்களின் குறும்பு.)

கோச்சிங் ஃபீஸ் தனி. பயிற்சி செய்ய பாக்கெட் டிரேசர் இலவசமாகவே கிடைக்கிறது. நிஜ ரூட்டர் வேணும்னா ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய பெட்டி ஒன்றைப் பேரம் பேசி வாங்கலாம். ஆனால் தேர்வுக் கட்டணத்தில் பேரம் கிடையாது. மாதம் இருபதாயிரத்துக்குள் சம்பளம் வாங்கும் ஒரு எல்1 இன்ஜினீயருக்கு சிசிஎன்ஏ என்பது ஒன்றரை மாதச் சம்பளம். மயிலாப்பூரில் ஒரு மேன்ஷன் ரூமுக்கு வாடகை கொடுத்து, ஊருக்கும் பணம் அனுப்பிவிட்டு, இதைச் சேர்த்து வைப்பது எப்படின்னு யோசிச்சுப் பாருங்க. அதனால்தான் "கம்பெனி கட்டும்" என்றதும் கை தானாகப் பேனாவைத் தேடுகிறது.

கம்பெனி ஏன் கட்டுது? தர்மமா?

பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பழைய கேள்வியே இருக்கு. 1964-ல் 'ஹியூமன் கேப்பிடல்' புத்தகத்தை எழுதி, 1992-ல் நோபல் பரிசு வாங்கிய கேரி பெக்கர், பயிற்சியை இரண்டாகப் பிரித்தார். ஒரு கம்பெனிக்குள் மட்டும் பயன்படும் பயிற்சி ஒன்று, எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பயன்படும் பொதுப் பயிற்சி இன்னொன்று. இரண்டாவது வகைக்கு முதலாளி காசு செலவழிக்க மாட்டார், ஏனென்றால் கற்றுக்கொண்டவர் அடுத்த நாளே எதிர்வீட்டுக் கம்பெனிக்குப் போய்விடலாம் என்பது அவர் வாதம். அப்படிச் செலவழித்தாலும், குறைந்த சம்பளம் என்ற வடிவில் அதைத் தொழிலாளியிடமிருந்தே எடுத்துக்கொள்வார்.

சிசிஎன்ஏ இந்தப் பொதுப் பயிற்சிக்கு அச்சு அசலான உதாரணம். தி.நகரில் வாங்கின சான்றிதழ் சிங்கப்பூரிலும் துபாயிலும் செல்லும். அப்புறம் ஏன் கம்பெனிகள் பணம் கட்டுகின்றன?

காரணம், நெட்வொர்க் துறையில் சான்றிதழ் இன்ஜினீயருக்கு மட்டும் பயன்படுவதில்லை. சிஸ்கோ போன்ற நிறுவனங்களின் பார்ட்னராக ஒரு கம்பெனி இருக்க வேண்டும் என்றால், இத்தனை பேர் இந்தச் சான்றிதழோடு உங்களிடம் வேலையில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. வருஷக்கணக்காக 'கோல்டு பார்ட்னர்' தகுதிக்கு சிசிஐஇ முடித்தவர்கள் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. பார்ட்னர் நிலை உயர்ந்தால் கருவிகள் வாங்கும்போது தள்ளுபடி கூடும், பெரிய வேலைகளுக்குப் போட்டி போட முடியும். அரசு டெண்டர்களிலும் "இத்தனை சிசிஎன்பி, இத்தனை சிசிஐஇ பணியாளர்கள் இருக்க வேண்டும்" என்ற தகுதி விதி சாதாரணமாக வரும்.

அதாவது, நீங்க பாஸ் ஆனால் உங்க கையில் ஒரு சான்றிதழ் வருது. அதே நேரத்தில் கம்பெனியின் டெண்டர் ஃபைலிலும் ஒரு பக்கம் சேருது. அந்த ஒரு பக்கம் இல்லாததால் டெண்டரே கைவிட்டுப் போகவும் கூடும். சம்பளப் பேச்சின்போது இதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டாங்க, நீங்களாகத் தெரிஞ்சு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். இருபது பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன கம்பெனி, ஒருவருக்கு எழுபதாயிரம் செலவழித்து சிசிஎன்பி முடிக்க வைக்கிறது. ரிசல்ட் வந்த மறு மாதமே அவர் ஓஎம்ஆர் பன்னாட்டு நிறுவனத்துக்கு இரட்டைச் சம்பளத்தில் போய்விடுகிறார். அந்த முதலாளிக்கு வயிறு எரியத்தான் செய்யும். சாந்தோம் கரையில் கடலடி கேபிள்கள் வந்து ஏறும் ஊர் இது. டேட்டா சென்டர்களும் கூடிக்கொண்டே போகின்றன. நல்ல நெட்வொர்க் ஆளுக்கு அழைப்பு வராமல் இருக்காது. பாண்ட் என்ற பழக்கம் இந்தப் பயத்தில் பிறந்ததுதான். பயம் நியாயமானது. அதற்குப் போடும் தொகை நியாயமானதா என்பதில்தான் சண்டை.

கோர்ட் என்ன சொல்லியிருக்கு?

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. இதில் இரண்டு பிரிவுகளை நினைவில் வைத்தால் போதும். ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது பிரிவு 27. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மிகாமல் 'நியாயமான இழப்பீடு' மட்டுமே கிடைக்கும் என்கிறது பிரிவு 74. அதாவது பாண்டில் எழுதிய எண் உச்சவரம்புதான். அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

பாண்டே செல்லாது, தைரியமா கையெழுத்துப் போடு என்று சீனியர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீங்க. அது பாதி உண்மைகூட இல்லை. 1990-களில் டோஷ்னிவால் பிரதர்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமே, முதலாளியின் செலவில் சிறப்புப் பயிற்சி பெற்ற ஊழியர் ஒப்புக்கொண்ட காலத்துக்கு முன்பே விலகினால் இழப்பீடு கேட்க இடமுண்டு என்ற நிலையை எடுத்தது. பயிற்சி உண்மையாகத் தரப்பட்டிருக்க வேண்டும், அதற்குச் செலவும் ஆகியிருக்க வேண்டும் என்பதே இதில் முக்கியம்.

அதே சமயம், எவ்வளவு கொடுக்கணும் என்பதற்கு 2011-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த சிக்பா இந்தியா வழக்கு நல்ல பாடம். மூன்று வருஷ பாண்ட், மீறினால் இரண்டு லட்சம் ரூபாய். ஊழியர் இரண்டு வருஷம் ஆன நிலையில் விலகினார். பயிற்சிக்கு கம்பெனி நிஜமாகச் செலவழித்தது 67,595 ரூபாய். கடைசியில் கம்பெனிக்குக் கிடைத்தது 22,532 ரூபாய். கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்க: 67,595-ல் மூன்றில் ஒரு பங்கு. மூன்று வருஷத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்தாச்சு, மீதி ஒரு வருஷத்துக்கான செலவைக் கொடு என்பதே கணக்கு.

இதை நம்ம ஆளுக்குப் பொருத்திப் பார்க்கலாம். சிசிஎன்ஏ கட்டணம் 30,090, கோச்சிங் 20,000, மொத்தம் 50,090 ரூபாய் கம்பெனி கட்டியது. பாண்ட் இரண்டு வருஷம், தொகை இரண்டு லட்சம். பதினைந்து மாதத்தில் விலகுகிறார். மீதி ஒன்பது மாதம். 24-ல் 9 பங்கு என்றால் 18,784 ரூபாய். இரண்டு லட்சத்துக்கும் இதுக்கும் இருக்கும் தூரத்தைப் பாருங்க. எல்லா நீதிபதியும் இதே கணக்கைத்தான் போடுவார் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் எச்ஆர் உங்களிடம் "ரெண்டு லட்சம் கட்டு" என்று சொல்லும்போது பேச்சுவார்த்தையை எங்கிருந்து தொடங்கலாம் என்பதற்கு இது உதவும்.

இப்போ 2025 மே 14-க்கு வருவோம். விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் அன்றைக்கு ஒரு தீர்ப்பு சொன்னது. 2007 செப்டம்பரில் சீனியர் மேனேஜராகச் சேர்ந்த ஒருவர், மூன்று வருஷம் முடியும் முன்பே, 2009 ஜூலையில் ராஜினாமா செய்து ஐடிபிஐ வங்கிக்குப் போனார். பாண்டின்படி இரண்டு லட்சம் ரூபாயை எதிர்ப்புத் தெரிவித்துக் கட்டிவிட்டு, வழக்குப் போட்டார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நீதிபதிகள் பி.எஸ்.நரசிம்மா, ஜாய்மால்ய பாக்சி கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அதை மாற்றி, பாண்ட் செல்லும் என்றது.

இதைத் தொடர்ந்து, "பாண்ட் செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டாங்க" என்று எச்ஆர் வட்டாரங்களில் பேச்சு கிளம்பியதில் ஆச்சரியமில்லை. ஆனால் தீர்ப்பின் காரணங்களைப் படித்தால் கதை வேறு. அது பொதுத்துறை வங்கி. ஒருவர் விலகினால் அடுத்த ஆளை எடுக்க மறுபடி விளம்பரம், வெளிப்படையான போட்டித் தேர்வு என்று முழு நடைமுறையும் போக வேண்டும், இஷ்டத்துக்கு யாரையும் கூப்பிட்டு உட்கார வைக்க முடியாது என்பதை நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொண்டது. அவர் வகித்த பதவிக்கும் சம்பளத்துக்கும் இரண்டு லட்சம் அதிகமில்லை என்றும் பார்த்தது. வேலை பார்க்கும் காலத்தைப் பற்றிய நிபந்தனைதான் இது, விலகிய பிறகு வேறெங்கும் வேலை பார்க்காதே என்று தடுக்கவில்லை, எனவே பிரிவு 27 வராது என்றும் சொன்னது.

சீனியர் மேனேஜருக்கு அதிகமில்லாத இரண்டு லட்சம், இருபதாயிரம் சம்பள எல்1 இன்ஜினீயருக்கும் அதிகமில்லையா? தனியார் கம்பெனிக்கு போட்டித் தேர்வு நடத்தும் கட்டாயமும் கிடையாது. என் பார்வையில், இந்தத் தீர்ப்பைக் காட்டி ஒரு சின்ன கம்பெனி மிரட்டினால், கேட்க வேண்டிய கேள்வி இன்னும் அதேதான்: எனக்காக நீங்க செலவழித்ததற்கு ரசீது எங்கே?

பாண்டை விட ஆபத்தான ஒன்று

அது பிளாங்க் செக். "சும்மா செக்யூரிட்டிக்குத்தான், லாக்கரில் கிடக்கும்" என்று சொல்லி, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை கேட்கும் கம்பெனிகள் உண்டு.

பாண்ட் மீறல் சிவில் விவகாரம். கம்பெனி வழக்குப் போடணும், செலவைக் காட்டணும், வருஷங்கள் ஓடும். முப்பதாயிரத்துக்காக அந்த அலைச்சலுக்குத் தயாராக இருக்கும் முதலாளி குறைவு. ஆனால் அந்தச் செக்கில் இரண்டு லட்சம் என்று எழுதி வங்கியில் போட்டு, அது பவுன்ஸ் ஆனால், மாற்றுமுறை ஆவணங்கள் சட்டம் 1881-ன் பிரிவு 138 வந்துவிடும். அது கிரிமினல் விவகாரம். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வெற்றுச் செக்தானே, நான் தொகை எழுதவில்லையே என்று சொல்லியும் சுலபமாகத் தப்ப முடியாது. தானாக விரும்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக்குக்கும் கடன் இருந்ததாகவே சட்டம் அனுமானிக்கும் என்று 2019-ல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த அளவு கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்க தலையில். சைதாப்பேட்டை, எழும்பூர் கோர்ட் வாசலில் லீவு போட்டு நிற்கப்போவதும் நீங்கதான்.

நோட்டீஸ் வந்தால் 15 நாள் என்பதை மட்டும் மறக்காதீங்க. அதற்குள் வக்கீல் மூலம் பதில் போயாகணும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இந்த உதவி உண்டு.

அடுத்தது ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட். டிகிரி, பத்தாவது மார்க் ஷீட் எல்லாம் வாங்கி வைத்துக்கொள்வது. கல்விச் சான்றிதழ் என்பது அடகு வைத்துப் பிடித்துக்கொள்ளும் சரக்கு இல்லை என்று, அரசு மருத்துவக் கல்லூரி பட்டமேற்படிப்பு பாண்ட் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மருத்துவர்களுக்கு அரசு போட்ட பாண்டுக்கே அந்த நிலை. சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டுங்க, ஜெராக்ஸ் கொடுங்க, திரும்பக் கையில் வாங்கிட்டுப் போங்க.

மூன்றாவது ஆயுதம் ரிலீவிங் லெட்டர். சட்டப்படி பார்த்தால் சின்ன விஷயம். நடைமுறையில் இதுதான் பெரிது. அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பு இந்த ஒரு தாளில் தொங்கிக்கொண்டிருக்கும். கோர்ட்டில் 18 ஆயிரம்தான் வரும் என்று தெரிந்தும் லட்சத்தைக் கட்டிவிட்டுப் போகிறவர்கள், பெரும்பாலும் இந்தத் தாளுக்குப் பயந்துதான் கட்டுகிறார்கள். சம்பள பாக்கி விஷயத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கு: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். "செட்டில்மென்ட்டுக்கு மூணு மாசம் ஆகும்" என்பவர்களுக்கு இதை மெயிலில் நினைவூட்டலாம்.

கையெழுத்துக்கு முன்னால் பேசுங்க

சேரும் நாளில் பேரம் பேச பயமாத்தான் இருக்கும். ஆனால் பாண்டே வேண்டாம் என்று சொல்வதை விட, பாண்டின் வாசகத்தை மாற்றச் சொல்வது எளிது. "இரண்டு லட்சம்" என்ற இடத்தில் "ரசீதுப்படி ஆன செலவு, மாதாமாதம் குறையும் விகிதத்தில்" என்று எழுதச் சொல்லுங்க. நியாயமான முதலாளி இதற்கு மறுப்புச் சொல்ல காரணமில்லை. கம்பெனியே ஆட்குறைப்பு செய்து அனுப்பினால் பாண்ட் ரத்து என்ற வரி இருக்கா பாருங்க. இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்க. பாண்ட் காலம் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தா, தேர்வு எழுதிய நாளிலிருந்தா? இரண்டாவது என்றால், ஒவ்வொரு தேர்வுக்கும் மறுபடி கடிகாரம் சுழலும். சிசிஎன்ஏ, பிறகு சிசிஎன்பி, பிறகு ரின்யூவல் என்று ஆறு வருஷம் ஓடியிருக்கும்.

ஃபெயில் ஆனால் யார் காசு என்பதையும் கேட்டுவிடுங்க. "பாஸ் ஆனால் மட்டும் ரீஇம்பர்ஸ்மென்ட்" என்று சில இடங்களில் உண்டு. முப்பதாயிரம் போயிடுமே என்ற அந்த அழுத்தம்தான் பலரை, வெளியான கேள்வித்தாள் என்று விற்கப்படும் 'டம்ப்' பக்கம் தள்ளுகிறது. பிடிபட்டால் சான்றிதழ் ரத்து, மேற்கொண்டு தேர்வு எழுதவும் தடை. அப்போது கம்பெனி உங்க பக்கம் நிற்காது.

வெளிநாடுகளில் இந்தச் சண்டை வேறு கட்டத்துக்குப் போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ம் ஆண்டு நெறிமுறை ஒன்று, சட்டப்படி முதலாளி தந்தாக வேண்டிய பயிற்சிக்கு ஊழியரிடம் காசு வாங்கக் கூடாது, அது வேலை நேரமாகவும் கணக்கிடப்பட வேண்டும் என்கிறது. கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் போடப்படும் 'இரு, இல்லாவிட்டால் கட்டு' வகை ஒப்பந்தங்களுக்கு, சில விதிவிலக்குகள் தவிர, தடை. நம்ம ஊரில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872-ம் வருஷத்துச் சட்டத்தை வைத்துத்தான் ரூட்டர் சான்றிதழ் சண்டை தீர்க்கப்படுகிறது.

இன்னும் கல்லூரியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமி 1997 முதல் நடக்கிறது. அதன் பாடங்களை முடித்து உரிய மதிப்பெண் எடுத்தால் தேர்வுக் கட்டணத்தில் தள்ளுபடி வவுச்சர் கிடைக்கும். 2022 மார்ச் 1-ல் தொடங்கிய தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்திலும் தொழில்திறன் பாடங்கள் இருக்கு. உங்க கல்லூரியில் இரண்டும் இருக்கான்னு பிளேஸ்மென்ட் செல்லில் கேளுங்க. வேலைக்குப் போகும் முன்பே சிசிஎன்ஏ கையில் இருந்தால், பாண்ட் போட கம்பெனிக்குக் காரணமே இருக்காது.

கடைசியாக, தேர்வுக்குப் பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டிய ஒன்று. கணக்கு உங்க பெயரில், உங்க சொந்த மெயில் ஐடியில் இருக்கட்டும். கம்பெனி மெயிலில் பதிவு செய்தால், விலகும் அன்றைக்கு அந்த மெயில் மூடப்படும், பாஸ்வேர்டு மாற்றக்கூட வழி இருக்காது. சிசிஎன்ஏ செல்லுபடியாவது மூன்று வருஷம். அதற்குள் மறுதேர்வு எழுதணும் அல்லது 30 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்க்கணும். அந்த நினைவூட்டல் மெயில் வரும்போது நீங்க எந்தக் கம்பெனியில் இருப்பீங்க என்று இப்போ யாருக்கும் தெரியாது.